கருகல், நான்கு

பிப்ரவரி 9, திங்கள்

மார்ச் இதழின் அட்டைக் கட்டுரை என் தலையில் விழுந்திருக்கிறது. நகர மையத்தில் ராமென் என்னும் ஜப்பானிய நூடுல்ஸ் சூப் விற்கும் கடைகளில் எது சிறந்தது என்று நான் சொல்ல வேண்டுமாம். ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீரெல்லாம் கொடுத்தார். "நீங்க சொன்னா ஜனங்க போய் நிக்கறாங்கம்மா. இந்தத் தடவை மழுப்பாதீங்க. முதலிடம் இதுதான்னு ஒரே கடையைச் சொல்லிடுங்க." தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

போன வருடம் என்றால் குதித்திருப்பேன். ஜனவரியில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூச்சு வருகிறது, போகிறது. வாசனை மட்டும் இல்லை. சோப்பு, காப்பி, அச்சு மை, மழை நனைத்த தெரு, ஒன்றும் இல்லை. நாக்குக்கு உப்பு தெரிகிறது, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரிகிறது. அதற்கு மேல் எல்லாமே வெறும் சூடு, வெறும் மென்மை. காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதைச் சொல்ல எதற்கு அவ்வளவு பெரிய நாற்காலி?

யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக ருசிப் பக்கம் எழுதுகிறேன். பாட முடியாதவளைப் பாட்டு வாத்தியாராக வைத்திருப்பார்களா?

பிப்ரவரி 10

எங்கள் பத்திரிகைக்கு வீடியோ எடுக்கும் பையன், வீடியோக்காரன், என் மேஜையில் வந்து சாய்ந்தான். "அக்கா, ராமெனா? நான் கேமராவோட வரட்டுமா?" என் பக்கத்தின் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். தனியாகத்தான் போவேன் என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

முதல் கடை. எப்போதும் வரிசை நிற்கும் கடை, அதனால் இங்கே வரிசைக்கடை என்றே எழுதுகிறேன். வாசலில் சீட்டு இயந்திரம், உள்ளே ஒரே நீளக் கவுண்டர், கழுத்து டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நூடுல்ஸை உறிஞ்சும் அலுவலக ஆண்கள். எலும்பு வெள்ளையாகக் கரையும் வரை காய்ச்சிய பன்றிச் சூப். கிண்ணம் வந்ததும் ஆவியில் முகத்தைக் காட்டினேன், பழக்கதோஷம். கண்ணாடி மங்கியது. அவ்வளவுதான்.

வெளியே வந்து எழுதியது: "நூடுல்ஸின் நடுவில் நல்ல கடிப்பு. உப்பு தூக்கல். சூடு." இதை வைத்து அட்டைக் கட்டுரையா? வயிறு மட்டும் நிறைந்திருந்தது.

பிப்ரவரி 14, சனி

இன்று வீட்டைக் கொளுத்தியிருப்பேன்.

பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. குமிழ் திறந்தபடியே. நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பழைய கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன், எந்த வாக்கியத்தைத் திரும்ப உபயோகிக்கலாம் என்று. நாத்தனார் கதவைத் திறந்தவள் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். குமிழை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள். நான் விளக்கைப் போடக் கை நீட்டினேன். "தொடாதீங்க" என்றாள். ஒரே சொல். என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

அப்புறம் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, வீடு பூரா கேஸ் நாத்தம். நீங்க அசையாம உக்காந்திருக்கீங்க. மூக்கு போயிடுச்சு, இல்ல?"

அழுதேன். அவள் முன்னால் போயா அழணும், அவள் முன்னால்?

என் கணவரின் தங்கை இவள். மாற்றலாகி வந்தவள், வாடகைக்கு வீடு கிடைக்கும் வரை என்று எங்களோடு தங்கினாள். வீடு இன்னும் கிடைத்தபாடில்லை. அவர் கப்பல் வேலையில் இருப்பதால் வீட்டில் நானும் இவளும்தான். குளிர்பெட்டியில் மேல் தட்டு எனக்கு, கீழ்த் தட்டு அவளுக்கு. பேச்சு அதற்குத் தேவையான அளவுதான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பாளோ, அவர் வேலையை விடு என்பாரோ என்று.

காலையில் அவளே ஆரம்பித்தாள். அவள் வேலை பார்ப்பது குடிநீர் ஆய்வகத்தில். இத்தனை நாள் அங்கே என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. தினமும் ஊரின் தண்ணீரைக் குடுவையில் லேசாகச் சூடாக்கி மோந்து பார்ப்பார்களாம். என்ன வாசனை, எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் எழுத வேண்டுமாம். அதனால்தான் பவுடர் இல்லை, சென்ட் இல்லை, வாசனை சோப்புகூட இல்லை. நான் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு மூக்கு வேணும். என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள். "ஆனா ஒரு கண்டிஷன். நல்லா இருக்கான்னு என்னைக் கேக்காதீங்க. என்ன இருக்குன்னு மட்டும் கேளுங்க. நல்லது கெட்டதெல்லாம் எங்க வேலையில எழுதக் கூடாது. கை வராது."

கூலி: குளிர்பெட்டியின் மேல் தட்டு. கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

வங்கிக்குப் பின்னால், நிலவறையில் இருக்கும் கடை. அவள் கிண்ணத்தைத் தொடவே இல்லை. முதலில் தூரத்திலிருந்து, பிறகு கிட்டத்தில், பிறகு கையால் ஆவியைத் தன் பக்கம் தள்ளி. பக்கத்தில் இருந்தவர் இவளையே பார்த்தார். "ஈர மண், ரெண்டு. காளானா இருக்கும். கடல்பாசி, மூணு. காஞ்ச மீன், ஒண்ணு. பாத்திரம் கழுவின குளோரின், அரை."

நான் கவுண்டருக்குக் கீழே போனில் தட்டிக்கொண்டேன். நாக்கில் தெரிந்த உப்பையும் கடிப்பையும் அவள் சொன்னதோடு சேர்த்தேன். வீட்டுக்கு வந்து எழுதினால் பத்தி ஓடுகிறது. மழை விட்ட காட்டில் யாரோ கடலைக் கொண்டுவந்து வைத்த மாதிரி என்று ஒரு வரி. குளோரினை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 19

ஆசிரியர் மாதிரிப் பத்தியைப் படித்துவிட்டு, "என்னம்மா, திடீர்னு எழுத்துல ஒரு துல்லியம் வந்திருக்கு" என்றார். நன்றி சொன்னேன். நாள் முழுவதும் எரிச்சல். ஒன்பது வருடமாக இல்லாத துல்லியமா?

நாத்தனாரிடம் சொல்லவில்லை. அவள் மேல் தட்டில் தயிரை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 21, சனி

மூன்றாவது கடை. அலுவலகக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்குக் கீழே, எட்டே நாற்காலி. சமைப்பவள் ஒருத்திதான், என் வயது இருக்கும். முன்பு செவிலியாக இருந்தவள் என்று வாசலில் ஒட்டியிருந்த பழைய பத்திரிகைத் துணுக்கில் படித்தேன். கோழி எலும்பில் தெளிவான சூப், அதுதான் அவள் பெயர் எடுத்தது. கடை திறந்ததும் நாங்கள்தான் முதல்.

நாத்தனார் மோந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி மோந்தாள். "கருகல், நாலு."

"பூண்டா?"

"பிரிச்சுச் சொல்ல முடியல. கருகல். நாலு."

குடித்தேன். நாக்கின் ஓரத்தில் மெல்லிய கசப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூண்டை வேண்டுமென்றே கருக்கி எண்ணெயாக்கி மேலே விடுவது சில கடைகளில் உண்டு, ஆனால் பன்றிச் சூப்பில்தான். தெளிந்த கோழிச் சூப்பில் விட ஒரு துணிச்சல் வேண்டும். எண்ணெய் கண்ணுக்கே தெரியாமல் விட ஒரு கை வேண்டும். இதற்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். இதைக் கண்டுபிடிக்க மூக்கு மட்டும் போதாது.

பாதியில் அந்த அம்மாள் அவசரமாக வந்து என் கிண்ணத்தை எடுக்கப் பார்த்தாள். "கொஞ்சம் இருங்க, வேற தர்றேன்." என்னை அடையாளம் கண்டுகொண்டாள் போலிருக்கிறது, பத்திரிகைக்காரி என்று தனிக் கவனிப்பு. எனக்கு அது பிடிக்காது. கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டேன். "வேண்டாங்க, இதுவே பிரமாதம்" என்று கடைசிச் சொட்டு வரை குடித்துக் காட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். நாங்கள் வெளியே வந்ததும் கதவில் பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டாள். சீக்கிரமே தீர்ந்துவிட்டது போல.

நாத்தனார் பாதி மிச்சம் வைத்திருந்தாள். கேட்டால் பசியில்லையாம்.

பிப்ரவரி 24

இன்னும் நாலு கடை பார்த்தாயிற்று. ரயில் நிலையத்துக் கடையில் முட்டை அருமை, மஞ்சள் கரு சரியாகப் பாதி உறைந்து. மற்றது சுமார். வரிசைக்கடைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். "கொழுப்பு, நாலு. இஞ்சி, ஒண்ணு." அவ்வளவுதான்.

முதலிடம் வரிசைக்கடைக்கா, படிக்கட்டுக்கடைக்கா? படிக்கட்டுக்கடைக்கு இன்னொரு முறை போய்ச் சரிபார்க்க வேண்டும். எப்போதும் அப்படித்தான் செய்வேன். நாத்தனாருக்குச் சளி. அவளை ஆய்வகத்திலேயே குடுவைப் பக்கம் விடவில்லையாம். நான் மட்டும் போய் என்ன செய்வேன், ஆவியில் முகம் கழுவவா?

பிப்ரவரி 25

அனுப்பிவிட்டேன். முதலிடம் படிக்கட்டுக்கடை. தலைப்பு: "கருகலின் கலை." தெளிந்த சூப்புக்குள் ஒளிந்திருக்கும் புகை என்று ஒரு வரி.

மார்ச் 5, வியாழன்

இதழ் வந்துவிட்டது. லிஃப்டில் இரண்டு பேர் என் கட்டுரையைப் பற்றிப் பேசினார்கள். வீடியோக்காரன்கூட, "அக்கா, அந்தப் புகை வரி செம" என்றான். நாத்தனாருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். முதலிடத்துக்கு வந்ததும் சாப்பிடுவதை நிறுத்தினாள். அந்தப் பத்தியை மறுபடி படித்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

பெருமையை நேரில் பார்க்கத்தான் போனேன். எழுதிவைக்கிறேன், அதையும்.

படிக்கட்டிலிருந்து தெருமுனை வரை ஆள். கதவருகே போனதும் அந்த அம்மாள் பார்த்துவிட்டாள். கரண்டியைக் கீழே வைத்து, பின்பக்கம் வரச் சொல்லிக் கண்ணால் காட்டினாள். குப்பைத் தொட்டிகள் இருக்கும் சந்து. குரலை உயர்த்தவே இல்லை அவள். உயர்த்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"அன்னைக்கு நீங்க குடிச்சது அடிப்பிடிச்ச சூப். அடுப்பைக் குறைக்க மறந்துட்டேன். ஊத்தினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. எடுக்க வந்தேன். நீங்க கிண்ணத்தை மூடிக்கிட்டீங்க."

கதவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள்.

"கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சேன். அப்புறம் உங்க முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். உங்களுக்கு வாசனை தெரியாது. தப்பா ஒரு வார்த்தை எழுதுவீங்களோன்னு பயந்தேன். இப்படி எழுதுவீங்கன்னு நினைக்கல."

இதழ் வந்த அன்று கூட்டத்துக்குத் தன் சூப்பைத்தான் கொடுத்தாளாம். புகை எங்கே என்று கேட்டு, பாதியில் வைத்துவிட்டுப் போனார்களாம். மறுநாளும் அப்படியே. "நேத்து வேணும்னே பானையை அடிப்பிடிக்க விட்டேன். எல்லாரும் சொட்டு விடாம குடிச்சாங்க. போட்டோ எடுத்தாங்க." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்தச் சூப்புக்காகத்தான் வேலையை விட்டேன். இப்போ அதைக் குடிக்கற ஒரே ஆள் நான்தான். காலையில ஒரு சின்னப் பாத்திரத்துல எனக்கு மட்டும் வெச்சுக்கறேன்."

என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் எதுவும் சொல்லல. யார்கிட்டயும் போய்ச் சொல்லவும் மாட்டேன். எனக்கு உள்ள ஆள் நிக்குது." போய்விட்டாள்.

சந்தில் எவ்வளவு நேரம் நின்றேனோ. குப்பைத் தொட்டி திறந்திருந்தது. அதுவும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அதே நாள், மாலை

நாத்தனாரோடு சண்டை. கருகிப்போனதுன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல என்று கத்தினேன்.

"சொன்னேனே அண்ணி. கருகல், நாலு. நாலுன்னா என்ன தெரியுமா? நாலு வந்தா நாங்க அந்தப் பகுதிக்குத் தண்ணியை நிறுத்திடுவோம்."

"அதை வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நல்லதா கெட்டதான்னு நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். அதுதானே உங்க வேலை. நீங்க பிரமாதம்னீங்க. உங்க உலகத்துல கருகினா பிரமாதம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்." அப்புறம், "எனக்கு அது குடிக்க முடியல" என்றாள்.

அவள் தன் தயிரை மேல் தட்டிலிருந்து எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 10

யாருக்கும் தெரியாது. அந்த அம்மாள் சொல்ல மாட்டாள், நாத்தனார் சொல்ல மாட்டாள். கூட்டம் ஒரு மாதத்தில் குறையும். அப்புறம் அவள் தன் சூப்புக்கே திரும்பிக்கொள்ளலாம். எனக்கு வாசனை திரும்பினாலும் திரும்பும். பேசாம இருந்தா என்ன? யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 11

வீடியோக்காரன் படிக்கட்டுக்கடையில் எடுத்த படம் பரவிக்கொண்டிருக்கிறது. அவனிடம் ஒருவர், "அந்தக் கருகல்தாங்க விஷயம், அது எல்லாருக்கும் வராது" என்று விளக்குகிறார். என் வரி, வார்த்தை மாறாமல். பின்னால் அந்த அம்மாள் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுகிறாள். திரும்பத் திரும்ப அந்த இடத்தையே ஓட்டிப் பார்த்தேன்.

ஆசிரியர் அடுத்த இதழுக்கு இன்னொரு பட்டியல் கேட்கிறார். தேநீர்க் கடைகளாம். தேநீர்.

மார்ச் 12, வியாழன்

படிக்கட்டுக்கடைக்குப் போய், இதைத் திருத்தி எழுதப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்பாளோ என்று உள்ளே ஒரு நப்பாசை. வேண்டாம் என்றால் அவளைச் சாக்கு வைத்துப் பேசாமல் இருந்துவிடலாமே. அவள் வரிசையைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

இரவு எழுதிக் கிழித்தேன், எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் ஓர் அழகான வாக்கியம் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில் அழகே இல்லாமல் எழுதினேன்: ஜனவரி முதல் எனக்கு வாசனை தெரியாது. அதை மறைத்து எழுதினேன். முதலிடம் கொடுத்த சூப் அன்று அடிப்பிடித்தது. அது கடையின் தவறான நாள். என் தவறான கட்டுரை.

மார்ச் 13, வெள்ளி

ஆசிரியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்லியிருந்தால் பக்கம் போயிருக்கும் என்றேன்.

"இப்பவும் போகுதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. ருசிப் பக்கம் வீடியோக்காரனுக்கு. எனக்கு அச்சுப்பிழை பார்க்கும் மெய்ப்பு மேஜை, ஜன்னல் இல்லாத அறை. வேலை போகவில்லை என்று சந்தோஷப்பட வேண்டுமாம். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்தப் பக்கம்தான் நான் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்ன, இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னேன். சரி என்றாள். சாப்பிட இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

மார்ச் 22

"வாசனை திரும்ப வந்தா உனக்கே தெரியும், பயப்படாதே" என்று அவர் கப்பலிலிருந்து போனில் சொன்னார். தங்கை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போல. பக்கம் போனதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கு அது போதும்.

ஏப்ரல் 3

என் திருத்தம் இதழின் கடைசிப் பக்கத்தில், சோதிடத்துக்கு மேலே. மெய்ப்பை நானே பார்த்தேன். ஓர் ஒற்றுப்பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11, சனி

தனியாகப் போகத் தைரியமில்லாமல் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு படிக்கட்டுக்கடைக்குப் போனேன். வரிசை இல்லை. எட்டு நாற்காலியில் மூன்று பேர். வாசலில் ஒட்டியிருந்த என் கட்டுரை கிழிக்கப்பட்டிருந்தது, மூலையில் பசை மட்டும் மிச்சம். அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று நின்றேன். நாத்தனார் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள்.

அந்த அம்மாள் நூடுல்ஸை வெந்நீரில் விட்டாள், வடித்து உதறினாள், கிண்ணத்தின் அடியில் இருந்த உப்புக் கலவை மேல் சூப்பை ஊற்றினாள். எனக்கு முன்னால் வைத்தாள். அடி வரை தெரியும் தெளிவு. நான் ஆவியில் முகத்தைக் காட்டவில்லை. குடித்தேன். சூடு. அளவான உப்பு. கசப்பு இல்லை.

அவள் கவுண்டரைவிட்டு நகராமல் நின்றாள்.

"எப்படி இருக்கு?"

ஒன்பது வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பிழைத்தேன். பழைய வாக்கியங்கள் எல்லாம் வாய் வரை வந்துவிட்டன.

"தெரியல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் நாத்தனார் பக்கம் திரும்பினாள். நாத்தனார் மோந்தாள், கண்ணை மூடி மறுபடியும் மோந்தாள். "கோழி, ரெண்டு. வெங்காயம், வதக்கினது, ஒண்ணு. எலுமிச்சைத் தோல், அரை. கருகல், பூஜ்யம்." பிறகு கரண்டியை எடுத்துக் குடித்தாள். இன்னொரு கரண்டி குடித்தாள்.

"நல்லா இருக்கு அண்ணி" என்றாள்.

"எலுமிச்சை இல்ல, ஆரஞ்சுத் தோல்" என்றாள் அந்த அம்மாள். எலுமிச்சைதான் என்றாள் இவள். இரண்டு பேரும் என் தலைக்கு மேல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் நூடுல்ஸ் ஊறிப்போவதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.